‘வின்டருக்கு ரெடி’ என்று தலையில் கட்டப்படும் மொபைல் ஹோம்: முன்பணம் கொடுக்குமுன் பாருங்கள்

அமெரிக்காவில் வடக்கு மினசோட்டா பக்கம் பழைய மொபைல் ஹோம் (ஃபேக்டரியில் கட்டி, இழுத்து வந்து நிறுத்தும் வீடு) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அக்டோபரில் டீலரின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய ஒரு குடும்பம், மைனஸ் 30 டிகிரிக் குளிரில் சின்னப் பிள்ளைகளோடு தண்ணீரில்லாமல் மாட்டிக்கொண்டது. ஏமாற்றியது விற்ற டீலரும், அடிப்பக்கத்தைப் பழுதுபார்த்த கான்ட்ராக்டரும்.

வீடு தெற்கு மாநிலத்திலிருந்து இழுத்து வரப்பட்டது. டீலர் அதை மறைத்தார்; வீட்டுக்குள் ஒட்டியிருந்த டேட்டா பிளேட் என்ற விவரத் தாள் காட்டிக்கொடுத்தது. 1976 ஜூன் 15 முதல் மத்திய அரசின் ஹட் (வீட்டுவசதித் துறை) விதிப்படி கட்டிய வீடுகளுக்கெல்லாம் இந்தத் தாள் உண்டு. சமையலறை அலமாரிக்குள்ளோ, படுக்கையறை கிளாசெட்டிலோ, மின் பேனல் பக்கத்திலோ தேடுங்கள். எவ்வளவு குளிருக்குக் கட்டிய வீடு என்பதைச் சொல்லும் மண்டலம் 1, 2, 3-ல் எது என்று அதிலுள்ள வரைபடத்தில் குறித்திருக்கும். மினசோட்டாவுக்கு 3 வேண்டும். 1 என்றால் டெக்சாஸ், லூசியானா, ஃபுளோரிடாவுக்குக் கட்டியது. 1994-ல் வந்த விதிப்படி, மண்டலம் 1 வீடு வெளியே விடக்கூடிய சூடு, மண்டலம் 3 வீட்டைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓயாமல் ஓடியும் அறை சூடேறாததற்கு அதுதான் காரணம். தாள் கிழிந்திருந்தால் வெளிச்சுவரிலுள்ள சிவப்பு உலோக லேபிளின் எண்ணைக் கொடுத்து ஹட் லேபிள் பதிவுகளை வைத்திருக்கும் ஐ.பி.டி.எஸ். அமைப்பிடம் விவரம் வாங்கலாம். இரண்டுமே இல்லாத வீடு வேண்டாம்.

கான்ட்ராக்டர் செய்தது இன்னும் மோசம். தண்ணீர்க் குழாய் தரைப் பலகைக்குக் கீழே, கண்ணாடிக் கம்பளிக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டுச் சூடு அதற்குக் கிடைக்கும். கம்பளியைத் தாங்குவது வீட்டின் அடியில் விரித்திருக்கும் கறுப்பு பெல்லி ஷீட். இவர் கசிவை அடைக்க ஷீட்டைக் கிழித்து, புதுக் கம்பளியைத் தரைக்கும் குழாய்க்கும் நடுவே திணித்து டேப் ஒட்டிவிட்டார். வெளியே பார்த்தால் வேலை சுத்தம். உள்ளே, குழாய்க்கு வரவேண்டிய சூட்டை அந்தக் கம்பளியே தடுத்துவிட்டது. ஷீட்டை மூடுமுன் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

தரையிலிருந்து மேலே ஏறும் குழாயில் ஹீட் டேப்பை (குழாய் உறையாமல் சூடேற்றும் மின் பட்டை) ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தார். சாதாரண ஹீட் டேப் அப்படி மேலேறிய இடத்தில் சூடு தேங்கி உருகும், தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட் முனை குழாயைத் தொட வேண்டும். இங்கே காற்றில் தொங்கியது. மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஜி.எஃப்.சி.ஐ. சாக்கெட்டில் செருக வேண்டியதை எக்ஸ்டென்ஷன் வயரில் செருகியிருந்தார். எந்த வகைக் குழாய்க்கு ஏற்றது, மேலே இன்சுலேஷன் சுற்றலாமா என்பதெல்லாம் டேப்பின் உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங் வெறும் வினைல். காற்றைக் கொஞ்சம் மறைக்கும், குளிரைத் தடுக்காது. 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகைக்கு ஆர்-மதிப்பு (சூட்டைத் தடுக்கும் திறன்) சுமார் 10. அதை உள்பக்கம் வைத்து இணைப்புகளை அடைக்கச் சொல்லுங்கள். மண்மேல் 6 மில் (சுமார் 0.15 மி.மீ.) பாலித்தீன் விரிக்காமல் அடைத்தால் ஈரம் தரைக்கு ஏறும். இரட்டைப் பகுதி வீடென்றால் இரண்டையும் இணைக்கும் சூடான காற்றுக் குழாயான கிராஸ்ஓவர் டக்ட் கழன்றிருக்கிறதா பாருங்கள். கழன்றிருந்தால் பாதி வீட்டுக்குப் போகவேண்டிய சூடு மண்ணுக்குப் போகும்.

குளிர் தாங்காமல் புகைபோக்கி இல்லாத புரொபேன் ஹீட்டரை உள்ளே வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 1 கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். 1,500 வாட் மின் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். ஒரே சர்க்யூட்டில் இரண்டு கூடாது. உறைந்த குழாயைத் தீயால் காய்ச்சவும் கூடாது. தண்ணீர்த் திருகைத் திறந்துவைத்து, அந்த முனையிலிருந்து ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே போங்கள்.

"மாதம் இவ்வளவுதான் ஆகும்" என்று டீலர் சொன்ன புரொபேன் செலவுக்கு ஆதாரமே இல்லை. பழைய குளிர்கால பில்லைக் கேளுங்கள். மினசோட்டாவில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மின்சாரம், குழாய்வழி கேஸ் இணைப்புகளுக்குக் துண்டிப்பிலிருந்து காக்கும் கோல்ட் வெதர் ரூல் பாதுகாப்பு உண்டு. லாரியில் வரும் புரொபேனுக்குக் கிடையாது. ஆனால் எனர்ஜி அசிஸ்டன்ஸ் திட்டத்தில் புரொபேனுக்கும் உதவி கிடைக்கும். வருமானத்தைப் பொறுத்து வெதரைசேஷன் திட்டத்தில் மொபைல் ஹோமுக்கும் இன்சுலேஷன் செய்துதருவார்கள். இரண்டுக்கும் குளிர் தொடங்குமுன்னே விண்ணப்பித்துவிடுங்கள்.

டீலருக்கு லைசென்ஸ் உண்டா என்பதை மாநிலத் தொழிலாளர், தொழில்துறை இலாகாவில் சரிபார்க்கலாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் விளம்பரம், ரசீது, டேட்டா பிளேட் படம் மூன்றையும் சேர்த்து மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.