தறிப் பஞ்சுக்கு நடுவில் ஒரு டெஸ்க்டாப்: 2018லிருந்து என் அனுபவம்

பொதட்டூர்பேட்டையில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். என் கடைக்கு இடது பக்கச் சுவரைத் தாண்டினால் எட்டுத் தறி ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பேனர் டிசைன் செய்து கொடுப்பது என் வேலை. உள்ளூர்க்காரர்களுக்குத் தமிழில், நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கில். 2018 தை மாதம் அசெம்பிள் செய்து வாங்கிய ஒரே கம்ப்யூட்டரில்தான் இன்றைக்கும் அத்தனை வேலையும் நடக்கிறது. ஐ5 7400 பிராசசர், 8 ஜிபி ராம், சின்னதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, அப்புறம் கேபினெட்டோடு சேர்ந்தே வந்த, '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி.

முதல் தொல்லை 2019 அக்னி நட்சத்திரத்தில் வந்தது. திருத்தணி வட்டாரத்து மே மாத வெயிலை இந்தப் பக்கத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. வைகாசி முகூர்த்தத்துக்கு வேலை குவிந்திருந்த நேரம். மதியம் ஆனால் சிஸ்டம் ஆமை மாதிரி நகரும், ஃபேன் மட்டும் கத்தும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். பிராசசர் 98 டிகிரி. இந்தப் பிராசசருக்கு உச்ச வரம்பே 100 டிகிரிதான். அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். நான் பார்த்தது அப்படியே அதுதான்.

பக்கத்து மூடியைக் கழற்றினேன். பிராசசர் ஃபேனுக்கும், சூட்டை இழுத்துக்கொள்கிற உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவில் பஞ்சு படிந்திருந்தது. தூசி என்று சொன்னால் சரியாக இருக்காது. விரலால் நிமிண்டியதும் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஒரே தகடாக உரிந்து வந்தது. தறியில் பாவு நூல் உரசும்போது பறக்கிற பிசிறு அது. மண் தூசி என்றால் ஊதினால் போய்விடும், நூல் பிசிறு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடைத்துவிடும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்தத் தகட்டைத் தாண்டிக் காற்று இறங்காது.

பஞ்சை எடுத்து, பிளோயரால் ஊதி, பிராசசர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து தூளாகிப்போயிருந்ததைத் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து மாட்டினேன். இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். மாட்டும்போது கூலரின் (ஃபேனும் ஹீட்சிங்கும் சேர்ந்தது) நாலு காலையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், நாலும் 'டிக்' என்று உட்கார வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றாலும் பேஸ்ட் வைத்ததில் பயனில்லை. அதன்பிறகு முழு வேலையிலும் 72 டிகிரியைத் தாண்டவில்லை. முன்பக்கக் காற்றுத் துளைகளுக்கு மேல் நைலான் கொசுவலையை இழுத்து ஒட்டினேன். பஞ்சு வெளியிலேயே படிகிறது, வாரம் ஒருமுறை கையால் வழித்தெடுத்தால் போதும்.

இரண்டு வருஷம் நிம்மதி. 2021 ஆவணியில் மறுபடியும் அணைய ஆரம்பித்தது. சூடுதான் என்று நினைத்து மறுபடி சுத்தம் செய்தேன், பேஸ்ட் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. நகரியிலிருந்து வந்த வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து "அண்ணா, அயிப்போயிந்தா?" (முடிந்ததா?) என்று கேட்கும்போதே திரை இருண்டது. சேமிக்காத பத்திரிகை போச்சு. வெளியூர்க் கடை ஒன்றில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் ராம் போயிற்று என்று மாற்றினார்கள். பிரச்சினை தீரவில்லை என்று போனபோது மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். எதையும் அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொன்னது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்தத் தடவை மெதுவாகிற அறிகுறியே இல்லை. அணையும் நொடியில் வெப்பம் 58 டிகிரி. சிஸ்டத்தில் நடப்பதைப் பதிவு செய்துவைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல்-பவர் 41' என்ற குறிப்பு. முறையாக மூடாமல் நின்றுபோனது என்று மட்டும்தான் அது சொல்லும், காரணம் சொல்லாது. ஆனால் நேரத்தைக் குறித்துவைத்தபோது ஒன்று புரிந்தது. கரண்ட் போய் வந்து பக்கத்தில் எட்டுத் தறியும் ஒன்றாகக் கிளம்பும்போதுதான் பெரும்பாலும் அணைகிறது. அந்த நொடியில் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்தேன், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190ஐத் தொட்டது.

யுபிஎஸ் இருந்தும் ஏன் அணைகிறது என்பதுதான் என்னைக் குழப்பியது. வோல்டேஜ் சரிந்தால் சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட் எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்திருக்கும் பெரிய கெபாசிட்டர் தாங்க வேண்டும். அது தளர்ந்துவிட்டால் யுபிஎஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அணைந்துதான் போகும்.

சிஸ்டம் ஓடும்போதே உபரியாகத் தொங்கும் நாலுமுனை கனெக்டரில் அளந்தேன், கறுப்பு ஒயரில் ஒரு முனை, மஞ்சளில் இன்னொன்று. மஞ்சள் ஒயர்தான் 12 வோல்ட் லைன், அதில் ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கும்போது 11.8 காட்டியது, பெரிய பேனர் ஃபைலைத் திறந்ததும் 11.2. டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ் ஃபேன் சல்லடை வழியாகப் பார்த்தேன். உள்ளே அதே கம்பளிப் பஞ்சு. ஃபேன் திணறிக்கொண்டு சுற்றியது. பின்னால் இரண்டு கெபாசிட்டர் தலை உப்பி நின்றன.

இரண்டு வருஷமாகக் கேபினெட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தவன், மூடிய பெட்டி என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கவனிக்கவே இல்லை. கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். பிராசசரைச் சுட்ட அதே பஞ்சுதான் சத்தமில்லாமல் இதையும் வாட்டியிருக்கிறது. நான் இரண்டு கோளாறு என்று நினைத்திருந்ததற்கு மூலம் ஒன்றுதான். தயவுசெய்து எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து சுத்தம் செய்யப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான '80 பிளஸ் ப்ரான்ஸ்' (Bronze, வெண்கலம்) தரத்தில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கிற வகை என்று பார்த்து எடுத்தேன், எங்கள் தெருவுக்கு அது முக்கியம். கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது, பழையதைவிட இரண்டு பங்கு கனம். மாட்டிய அன்று முழு வேலையிலும் 12.05 வோல்ட். சென்ற மாதம் அளந்தபோதும் 12.03.

மாட்டும்போது இன்னொன்றும் கவனித்தேன். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருசுருவென்று இருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, பிளக்குக்கு எர்த்தே வரலை" என்றார். எர்த் குழியில் உப்பும் கரியும் வறண்டு கல்லாகிக் கிடந்தன, ஒயரும் அரித்துப் போயிருந்தது. மாற்றினோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுகிறேன்.

அதற்கப்புறம் யுபிஎஸ் பேட்டரி ஒருமுறை மாற்றியிருக்கிறேன், அது எப்படியும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் வராது. தறிகள் ஒன்றாகக் கிளம்பும்போது டியூப்லைட் இன்னும் சிமிட்டுகிறது. கம்ப்யூட்டர் அணைவதில்லை. பிராசசர் ஃபேனில்தான் இப்போது லேசாக ஒரு கரகரப்பு கேட்கிறது. தை முகூர்த்தத்துக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.