சன்சத் டிவியில் பூஜ்ய நேரம்: பார்க்கலாமா?

மக்களவை நேரலையில் எனக்குப் பிடித்தது பெரிய விவாதங்கள் இல்லை, மதியம் 12 மணிக்கு, எம்.பி.க்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம்தான். 2021-ல் இரண்டு அவைகளின் சேனல்களையும் ஒன்றாக்கி வந்த சன்சத் டிவி, இதை யூடியூபிலும் காட்டுகிறது. எக்ஸ்பிரஸ் நிற்காத ஸ்டேஷன், பாதியில் கிடக்கும் மேம்பாலம், பயிர்க் காப்பீட்டுப் பணம் வராத விவசாயி... எம்.பி. கையிலிருக்கும் தாளைப் பார்த்து மூச்சு விடாமல் ஒப்பிப்பார். தொகுதிப் பெயர் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறும். நேரம் முடிந்தால் மைக் கட். கடைசிக் கோரிக்கையை உதட்டசைவில் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குறை என்றால், அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. பதிலுக்குக் கேள்வி நேரம் இருக்கிறது: நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும்) கேள்விகள் 20, எழுத்தில் பதில் வருபவை 230 வரை. மக்களவை நடைமுறை விதி 377-ன் கீழ் 250 சொற்களுக்குள் எழுதிக் கொடுத்தும் பிரச்சினையை எழுப்பலாம்.

அதனால் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு ‘நம்ம எம்.பி. வாயே திறக்கலை’ என்று திட்டாதீர்கள். மக்களவை இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் கேள்வியும் பதிலும் பிடிஎஃப்பாகவே கிடைக்கும். (பழைய எம்.பி.யையும் தேடலாம், நல்ல பொழுதுபோக்கு!) என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.