வெகோவியா, மவுன்ஜாரோவா: வருஷத்துக்குப் பதிமூன்று பேனா

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் யாராவது கொஞ்சம் இளைத்துவிட்டால் முதல் கேள்வி, "சுகர் வந்துருச்சா?" என்பதுதான். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். இல்லை, உடம்பு குறைய ஊசி போடுகிறேன் என்று மறைக்காமல் சொன்னதும் அடுத்த கேள்வி எல்லோரிடமிருந்தும் ஒன்றாகவே வந்தது: "மாசம் எவ்வளவு ஆகுது டீச்சர்?" ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள், வேலந்தாவளம் பஸ்ஸில் கேட்டார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்தும் கேட்டார்கள். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற கணக்கு இல்லை இது. முதல் மாத விலையை மட்டும் சொன்னால் கேட்டவர்கள் தப்பான முடிவுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் இந்த 2026 பிப்ரவரியில் உட்கார்ந்து எழுதுகிறேன், விலைகள் இந்த நாள் நிலவரம்.

என் நிலை இது. வயது 46, உயரம் 156 சென்டிமீட்டர். போன நவம்பரில் எடை 94 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 38ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தாண்டவில்லை. முழங்கால் வலியால் இரண்டாவது பீரியடிலேயே நாற்காலியைத் தேட வேண்டியிருந்தது. நடை, கேழ்வரகு, இரவில் சோறு நிறுத்துவது எல்லாம் செய்து, நாலு கிலோ குறைவதும் ஐந்து கிலோ ஏறுவதுமாக ஆறு வருஷம் போயிருந்தது. கோயம்புத்தூரில் நான் பார்க்கும் டாக்டர் வெகோவி, மவுன்ஜாரோ என்று இரண்டு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, "எத்தனை வருஷம் போட முடியும்னு கணக்குப் பாருங்க டீச்சர், அப்புறம் எதுன்னு முடிவு பண்ணலாம்" என்றார். மாதம் என்று சொல்லாமல் வருஷம் என்று சொன்னார். அந்த ஒரு சொல்தான் என் முடிவைத் தீர்மானித்தது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆர்லிஸ்டாட் பழைய மாத்திரை. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். செலவு குறைவு, ஆனால் எண்ணெயாக வயிறு போகும், குறைவதும் சில கிலோதான். வகுப்பில் நிற்கிறவர்களுக்கு அது ஆகாது. ரைபெல்சஸ் மாத்திரையிலும் ஓசெம்பிக் ஊசியிலும் இருப்பது வெகோவியில் இருக்கும் அதே செமாக்ளுடைட் என்ற மருந்துதான். ஆனால் நம் நாட்டில் அவை டைப் 2 சர்க்கரை நோய்க்கென்று வந்தவை. ஓசெம்பிக் 2025 டிசம்பரில் அறிமுகமானபோது நாலு வாரத்துக்கு 0.25 மி.கி. 8,800 ரூபாய், 1 மி.கி. 11,175 ரூபாய். சர்க்கரையும் எடையும் சேர்ந்து இருப்பவர்கள் டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள். எனக்கு அந்த வழி இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டு. இரண்டுமே வாரம் ஒரு ஊசி. இரண்டும் பேனா வடிவில் வருகின்றன, ஒரு பேனாவில் நாலு ஊசி. இரண்டுமே சின்ன அளவில் தொடங்கி மாதாமாதம் ஏற்ற வேண்டியவை. கணக்குத் தப்புவது இந்த ஏற்றத்தில்தான்.

மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, உள்ளே இருப்பது டிர்செபடைட். பேனாவாக ஆகஸ்ட்டில் வந்தபோது 2.5 மி.கி. 14,000, 5 மி.கி. 17,500, 7.5 மற்றும் 10 மி.கி. 22,000, 12.5 மற்றும் 15 மி.கி. 27,500 ரூபாய் என்று இருந்தது. செப்டம்பர் 22இல் மருந்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் அவை 13,125, 16,406, 20,625, 25,781 என்று இறங்கின. வெகோவி 2025 ஜூனில் வந்தது. அப்போது முதல் மூன்று அளவுக்கும் ஒரே விலை, 17,345 ரூபாய். உச்ச அளவான 2.4 மி.கி.க்கு 26,015. அந்த விலையில் நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நவம்பரில் விலையை இறக்கினார்கள். 0.25 மி.கி. 10,850, 2.4 மி.கி. 16,400 ஆயிற்று.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வெகோவியின் உச்ச அளவு 16,400. மவுன்ஜாரோவின் 5 மி.கி. 16,406. ஆறு ரூபாய்தான் வித்தியாசம். இந்தப் பணத்துக்கு எது எவ்வளவு குறைக்கிறது? வெகோவி 2.4 மி.கி.யின் முக்கியமான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மவுன்ஜாரோ 5 மி.கி. 72 வாரத்தில் சுமார் 15 சதவீதம். இவை தனித்தனி ஆய்வுகள், நேருக்கு நேர் வைத்த போட்டி இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம் என்ற படியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன.

மவுன்ஜாரோவின் பலம் மேல் அளவுகளில் இருக்கிறது. இரண்டு மருந்தையும் அவரவர் தாங்கும் மிக உயர்ந்த அளவில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. 72 வாரத்தில் டிர்செபடைட் 20.2 சதவீதம், செமாக்ளுடைட் 13.7 சதவீதம். இதில் மழுப்ப ஒன்றும் இல்லை, மவுன்ஜாரோதான் வலுவான மருந்து. பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனார் ஆகஸ்ட்டிலிருந்து அதைத்தான் போடுகிறார். 101 கிலோவிலிருந்து 87க்கு வந்துவிட்டார். இப்போது 10 மி.கி., மாதம் 20,625. அவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் தொந்தரவு உண்டு. அவசரமாக நிறையக் குறைய வேண்டியிருந்தது, கடை வருமானமும் இருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் எடுத்திருப்பேன்.

சரி, மாதக் கணக்கு என்று எல்லோரும் சொல்கிறோமே, அது மாதமே இல்லை. நாலு ஊசி என்றால் 28 நாள். வருஷத்துக்கு 52 வாரம், அதாவது 13 பேனா. பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு பேனா விட்டுப்போகும். வெகோவி உச்ச அளவுக்கு வருஷம் 2,13,200 ரூபாய். மவுன்ஜாரோ 10 மி.கி.க்கு 2,68,125. 15 மி.கி.க்கு 3,35,153. என் கணவர் ரசீதுகளின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கேரள அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீடு மெடிசெப் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. வீட்டில் போட்டுக்கொள்ளும் இந்த ஊசி முழுக்கக் கைக்காசுதான்.

ஒரு வருஷம் போட்டுவிட்டு நிறுத்திவிடலாமே என்று நானும்தான் நினைத்தேன். செமாக்ளுடைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. டிர்செபடைட்டிலும் நிறுத்தியதும் ஏறத்தான் செய்கிறது. ரத்த அழுத்த மாத்திரை மாதிரிதான் இது, போடும்வரை வேலை செய்யும். அப்படியானால் இந்த வருஷம் எது மலிவு என்று பார்த்துப் பயனில்லை. ஐந்தாவது வருஷம் எதை என்னால் வாங்க முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கான விடை எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருந்தது. என் கணவர் சர்க்கரைக்கு எம்பாக்லிஃப்ளோசின் எடுக்கிறார். போன வருஷம் மார்ச் வரை ஒரு மாத்திரை கிட்டத்தட்ட 60 ரூபாய். அந்த மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தது. அடுத்த தடவை மருந்துக் கடைக்குப் போனபோது அதே மருந்து வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் வரிசையாக இருந்தது, சிலது 10 ரூபாய்க்கும் கீழே. கடைக்காரத் தம்பி பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "சேச்சி, மருந்து ஒண்ணுதான்" என்று காட்டினார். டாக்டரிடம் கேட்டு மாற்றினோம். சர்க்கரை அளவு மாறவில்லை, மாதச் செலவு ஆயிரத்தைந்நூறுக்கு மேல் குறைந்தது.

நான் கணக்குப் பார்த்தபோது செமாக்ளுடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிவதாக இருந்தது. இந்திய மருந்துக் கம்பெனிகள் பல தயாராக நின்றன. டிர்செபடைட்டுக்குக் காப்புரிமை 2036 வரை இருக்கிறது. எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். வீட்டில் பேசும்போது நான் இதை நிலம் வாங்குவதோடு ஒப்பிட்டேன். இரண்டு இடமும் இன்று ஒரே விலை, ஒன்றுக்கு அடுத்த மாதம் தார் ரோடு வருகிறது, இன்னொன்றுக்குப் பத்து வருஷம் கழித்து. நான் ரோடு வரும் இடத்தை வாங்கினேன்.

ஆனால் மாத்திரை விலை விழுந்த மாதிரியே ஊசி விலையும் விழும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பேனா செய்வதும், குளிர் குறையாமல் கடைவரை கொண்டுவருவதும் மாத்திரை அட்டை போடுவது போல இல்லை. முன்னுதாரணம் என்று பார்த்தால் லிராக்ளுடைட் இருக்கிறது. இதே குடும்பத்து மருந்து, தினமும் போட வேண்டிய ஊசி. 2024 ஜனவரியில் சர்க்கரை நோய்க்கென்று அதன் இந்தியத் தயாரிப்பு வந்தபோது வழக்கமான அளவுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வாக்கில் ஆயிற்று. செமாக்ளுடைட் விலை பாதிக்கு வந்தாலே எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம்.

என் அனுபவம் மூன்று மாதம்தான். 94லிருந்து 87.5க்கு வந்திருக்கிறேன். போன வாரம்தான் 1.7 மி.கி.க்கு ஏறினேன். 2.4 என் உடம்புக்கு எப்படி இருக்கும் என்று இன்னும் பார்க்கவில்லை. அளவு ஏறும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாள் குமட்டல் வந்தது. சனிக்கிழமை ராத்திரி போட்டால் ஞாயிறு படுத்துக்கொள்ளலாம் என்று நாளை மாற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் வடை சுடும் வாசம் வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது. மலச்சிக்கல் நிஜமான தொந்தரவு, தண்ணீரும் கீரையும் கூட்டினேன். நாத்தனாருக்குக் குமட்டல் இதைவிடக் குறைவு. இரண்டு பேரை வைத்து மருந்தை எடைபோட முடியாது.

இரண்டுக்கும் பொதுவான சில செலவுகளைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் ஃபீஸ், கோவைக்குப் போய்வர ஒரு நாள் லீவு. குறைவாகச் சாப்பிடுவதால் தசை கரையாமல் இருக்க முட்டை, மீன், பயறு கூடுதலாக வேண்டும். அரிசியில் மிச்சமாவது மீன்காரரிடம் போய்விடுகிறது.

பேனா வாங்குவது வாளையாறு எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கமா அந்தத் தமிழ்நாட்டுப் பக்கமா என்று கேட்கிறார்கள். எம்.ஆர்.பி. எங்கும் ஒன்றுதான், கடை தரும் தள்ளுபடிதான் மாறும். தள்ளுபடியைவிட எனக்கு முக்கியம், கடையிலிருந்து வீட்டு ஃபிரிட்ஜ் வரை அது சூடாகாமல் வருவது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் அது. ஒரு முறை கோவையில் ஒரு கடையில் வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார்கள். ஐஸ் பேக் கேட்டதற்கு "ஒரு மணி நேரந்தானே" என்றார்கள். பதினோராயிரம் ரூபாய் மருந்தை உச்சி வெயிலில் பஸ் ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு வர எனக்கு மனம் இல்லை. வாங்காமலே திரும்பினேன். இப்போது பால் தூக்குப்போசி அளவில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி எப்போதும் பையில் இருக்கிறது. ஐஸ் நேராகப் பேனாவைத் தொடாமல் ஒரு கைத்துண்டில் சுற்றி வைக்கிறேன், உறைந்துபோனாலும் மருந்து வீண்தான். பில் தராத இடத்தில், வெளிநாட்டுச் சரக்கு என்று விலை குறைத்துச் சொல்கிற இடத்தில் தயவுசெய்து வாங்காதீர்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமலும் தொடங்காதீர்கள். பி.எம்.ஐ. 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஒன்று இருப்பவர்களுக்கான மருந்து இது. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கணையத்தில் வீக்கம் வந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரம் எனக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட். அதற்குள் புதுப் பேனாக்கள் கடைக்கு வந்திருந்தால், வெகோவியிலிருந்து அதற்கு எந்த அளவில் மாறலாம் என்பதுதான் டாக்டரிடம் என் முதல் கேள்வி. ஃபிரிட்ஜில் இப்போது நடுத்தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், ஒரே ஒரு பேனா இருக்கிறது. அதில் இன்னும் மூன்று ஊசி.