டுலூத் கர்லிங் கிளப்: ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களின் ஐஸ்

அமெரிக்காவில் கர்லிங் (ஐஸில் கல்லைச் சறுக்கவிட்டு இலக்கு வட்டத்தில் சேர்க்கும் ஆட்டம்) கற்க ஓர் இடம் சொல்லச் சொன்னால், மின்னசோட்டாவின் டுலூத்தைத்தான் சொல்வோம். 1891-ல் தொடங்கிய கிளப். சுப்பீரியர் ஏரிக்கரையில், 'டெக்' அரங்க வளாகத்துக்குள் எட்டு ஷீட்டுகளோடு (ஆடும் ஐஸ் தடங்கள்) இயங்குகிறது. ஷீட்டுக்கு நான்கு பேர் கொண்ட இரண்டு அணி என்றால், ஒரே நேரத்தில் 64 பேர் ஆடலாம்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜான் ஷூஸ்டரின் அணி இந்த கிளப்பைச் சேர்ந்தது. இறுதியாட்டத்தில் 5-5 என்றிருந்தபோது எட்டாவது எண்டில் (ஆட்டத்தின் ஒரு சுற்று) ஐந்து புள்ளி எடுத்து, ஸ்வீடனை 10-7 என வீழ்த்தியது. டுலூத்தில் வளர்ந்த கோரி தீசி, 2023-ல் கோரி டிராப்கினுடன் உலகக் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார்.

புதிதாகப் போகிறவர்கள் சுத்தமான ரப்பர் அடிப் ஷூவைப் பையில் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணல் துகள் போதும், சுமார் 19 கிலோ கிரானைட் கல் பாதை மாறிவிடும். ஜீன்ஸ் வேண்டாம், முழங்காலை ஆழமாக மடக்க வேண்டியிருக்கும். ஐஸின் வெப்பநிலை சுமார் மைனஸ் 5 டிகிரி. அதனால் மெல்லிய உடைகளை அடுக்கி அணியுங்கள், ஓடும் கல்லுக்கு முன்னால் ஐஸைத் துடைப்பத்தால் துடைக்கத் தொடங்கினால் வியர்க்கும்.

வலக்கைக்காரர் வலது காலை 'ஹாக்' எனும் ரப்பர்ப் பிடியில் வைத்து, இடது காலில் ஸ்லைடரோடு (ஷூவின் அடியில் வழுக்கும் தகடு) சறுக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: உடல் எடையைக் கல்லின் மேல் சாய்த்து, கடைசியில் கையால் தள்ளுகிறார்கள். கல் கோணலாகப் போகும். வேகம் ஹாக்கை உதைக்கும் காலிலிருந்து வர வேண்டும். கை, கல்லின் பிடியைத் திருப்பி விடுவதற்கு மட்டும். இலக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் கல் இரண்டு முதல் நான்கு சுற்று சுழன்றால் சரி. அதற்குக் குறைந்தால் தடம் தடுமாறும். மிகவும் கூடினால் வளையாது.

பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் ஒன்று. ஐஸின் மேல் தெளித்து உறைய வைத்த நீர்த்துளிகளின் மேல்தான் கல் ஓடுகிறது. ஆட்டம் போகப் போக நடுப்பாதையில் அவை தேயும், ஓரத்தில் அவ்வளவாகத் தேயாது. அதற்கேற்ப நல்ல ஸ்கிப் (அணித் தலைவர்) பின்பாதி எண்டுகளில் துடைப்பத்தை எங்கே வைத்துக் குறி காட்டுகிறார் என்று கவனியுங்கள். எட்டு ஷீட்டையும் மாறி மாறிப் பார்க்காமல், ஓர் அணியை மட்டும் முழுதாகத் தொடர்ந்தால் இது பிடிபடும்.