லூபஸும் இரத்தக்குழாயும்: எந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி அக்காவுக்குப் பத்து ஆண்டுகளாக லூபஸ், அதாவது உடலின் நோயெதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பதால், எந்தத் தாள் வந்தாலும் என் கதவைத் தட்டுவார். போன மாதம் அவர் கையில் இருந்தது தனியார் கூடம் ஒன்றின் விலைப்பட்டியல். "தங்கச்சி, என் இரத்தக்குழாய் கெட்டிருக்கிறதா என்று இதில் எது சொல்லும்?"

நியாயமான கவலைதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு அபாயம், அதே வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் என்றது அது.

பட்டியலில் முதலில் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற இரத்தச் சோதனைகள். இவை உடலில் அழற்சி இருப்பதைச் சொல்லும், குழாயைச் சொல்லாது. லூபஸில் சி.ஆர்.பி ஒரு விசித்திரப் பிறவி: நோய் சீறும்போதுகூடப் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். திடீரென எகிறினால், முதலில் கிருமித்தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குழாயின் உட்படலத்திலிருந்தே வருபவை வேறு. வான் வில்லிபிராண்ட் காரணி, உட்படலச் செல்கள் தங்களுக்குள் சேமித்து வைத்திருக்கும், இரத்தம் உறைய உதவும் புரதம். செல் தூண்டப்பட்டாலோ புண்பட்டாலோ வெளியே கொட்டும். ஆனால் அதன் அளவைக் கலைக்க அதிகம் வேண்டாம். கர்ப்பம், காய்ச்சல், கடும் உடற்பயிற்சி எல்லாம் ஏற்றிவிடும். 'ஓ' வகை இரத்தக்காரர்களுக்கு இயல்பிலேயே கால் பங்கு குறைவு. இதற்கான நீல மூடிச் சோதனைக் குழாயில் குறியீடு வரை இரத்தம் நிரம்ப வேண்டும்: ஒன்பது பங்கு இரத்தத்துக்கு, அதை உறையாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்கு. கோலாலம்பூர் வெயிலுக்குப் பயந்து, பிளாஸ்மாவைப் பிரிக்காத இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் அளவு பொய்யாகக் குறைந்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்தத் தவறு என்னை எரிச்சலூட்டுவதுபோல் வேறெதுவும் இல்லை.

திரோம்போமாடுலின் என்ற புரதம் சேதத்துக்கு இன்னும் நெருக்கமான சாட்சி. உட்படலத்தின் மேல் ஒட்டியிருந்து இரத்தம் உறையாமல் காப்பது. சுவர் புண்படும்போது துண்டாகி இரத்தத்தில் மிதக்கும். சிக்கல், சிறுநீரகம் தளர்ந்தாலும் அது தேங்கி உயரும். லூபஸ் குறிவைக்கும் உறுப்பே சிறுநீரகம் என்றால், உயர்ந்த எண்ணை எப்படி நம்புவது?

விகேம்-1 (VCAM-1) என்ற புரதம், வெள்ளணுக்கள் பற்றிக்கொள்ளக் குழாய்ச்சுவர் நீட்டும் கொக்கி. நோய் தீவிரமாகும்போது, குறிப்பாகச் சிறுநீரக லூபஸில், இரத்தத்தில் கூடுகிறது. ஆனால் சுவர் சினந்திருப்பதைத்தான் அது காட்டும். இடிந்ததா என்பது வேறு கேள்வி. சுவரிலிருந்து பெயர்ந்த செல்களையே எண்ணும் சோதனையும் உண்டு. அதைவிட நேரடியான சான்று இல்லை. ஆரோக்கியமானவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அவை விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும் என்பதால், கூடத்துக்குக் கூடம் முறையும் எண்ணும் மாறுகின்றன. இவையெல்லாம் ஆய்வாளருக்கு உதவும். அக்காவின் மாத்திரையை மாற்றாது.

மாற்றக்கூடியது, பட்டியலின் அடியில் கவர்ச்சியில்லாமல் கிடந்த ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி). இவற்றைத் தேடும் சோதனைகள் மூன்று: லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். முதலாவதின் பெயரே ஏமாற்று: ஆன்டிகோஆகுலன்ட் என்றால் உறைதலைத் தடுப்பது. சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும், உடலுக்குள்ளோ இரத்தத்தை உறைந்து கட்டியாக வைக்கும். இவை சேதத்தை அளப்பவை அல்ல, வரவிருப்பதை எச்சரிப்பவை. ஆஸ்பிரின் வேண்டுமா, கர்ப்பத்தில் என்ன காவல் என்று மருத்துவர் முடிவெடுக்க இவைதான் கை கொடுக்கும். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

அக்காவின் கோப்பைப் புரட்டினேன். பத்து ஆண்டுக்கு முன் ஒரு பாசிட்டிவ் இருந்தது. மறுமுறை எடுத்ததற்குத் தாளே இல்லை. தனியாரிடம் போகாமல், 5 ரிங்கிட் கட்டிப் பார்க்கும் அரசு நிபுணர் கிளினிக்கிலேயே கேட்கச் சொன்னேன். சிறுநீர்ப் புரதம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டாம் என்றேன்.

அடுத்த சந்திப்பில் எடுத்தால் மறுமுறை எப்போது என்று நாட்காட்டியில் 12 வாரம் எண்ணினோம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் போய் நின்றது. "முறுக்கு சுடும் நேரத்தில் ஊசியா?" என்று முகம் சுளித்தபடியே அக்கா அந்தத் தேதியை வட்டமிட்டார்.