இடுப்பு வலிக்கு அக்குபங்சர் போய் 24,000 ரூபாய் போச்சு, சென்னைக்காரங்க கவனிங்க

கை இன்னும் நடுங்குது. ஒரு மணி நேரம் முன்னாடிதான் "இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க மேடம்"னு சொல்லி போனை வெச்சாங்க. 24,000 ரூபாய்! பேர் போட மாட்டேன், போட்டா வக்கீல் நோட்டீஸ்னு கிளம்புவாங்க. மெயின் ரோட்டு மாடியில, ஏசி போட்டு, ஊதுபத்தி வாசனையோட இருக்கிற தனியார் அக்குபங்சர் சென்டர்னு மட்டும் வெச்சுக்குங்க. போறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

நான் டெய்லர். விருகம்பாக்கத்துல வீட்டு முன்ரூம்லயே கடை. 22 வருஷமா மெஷின்ல குனிஞ்ச முதுகு. ஆவணி முகூர்த்த ஆர்டர் ஆரம்பிச்சதும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆற்காடு ரோட்ல மெட்ரோ வேலைக்குத் தோண்டின பள்ளம் தெரியும்ல, வீட்டுக்காரர் பைக்ல பின்னாடி உட்கார்ந்தா ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வரும். தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கல்ல வாங்கின மாத்திரை, எதுக்கும் அசையல. எதிர்வீட்டு அக்காதான், "எங்க ஓரகத்திக்கு அங்க சரியாச்சு, போய்ப் பாரு"ன்னாங்க.

போன உடனே ரிசப்ஷன் பொண்ணு ஒரு பாரம் வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டா. எங்க வலி, எந்தக் கால்ல இழுக்குது, தூக்கம் எப்படி, மாதவிலக்கு நின்னுடுச்சா, எல்லாம். அப்புறம் உள்ள அனுப்பினாங்க. அந்த ஹீலர் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். என் மணிக்கட்டுல மூணு விரல் வெச்சுக் கண்ணை மூடினார். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. கண்ணைத் திறந்து, "இடது கால்தானே அம்மா இழுக்குது? ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வருது, இல்லையா?"ன்னார். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க. வீட்டுல யாரும் கேட்காததை இந்த மனுஷன் கை பிடிச்சே கண்டுபிடிச்சுட்டாரேன்னு. அவரு மேஜையில அந்தப் பாரம் விரிஞ்சு கிடந்தது அப்பவும் என் கண்ணுல பட்டுச்சு. பட்டும் உறைக்கலை. அந்த இடத்துலதான் நான் விழுந்தேன்.

எக்ஸ்ரே எடுக்கட்டுமான்னு கேட்டதுக்கு, "படம் எதுக்கு? நாடி பேசுது"ன்னார். ஒரு சிட்டிங் 3,000, பன்னெண்டு சேர்த்து இன்னைக்கே கட்டினா 36,000 இல்ல, 24,000 மட்டும்னு சொன்னாங்க. தீபாவளிக்குன்னு எடுத்து வெச்ச சீட்டுப் பணம். அங்கேயே ஜிபே பண்ணினேன். பணம் போனது சென்டர் பேருக்கு இல்ல, யாரோ தனி ஆள் பேருக்கு. ரசீதுன்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல முகவரிகூடக் கிடையாது. ஒரு லைனிங் பிளவுஸுக்கு நான் 450 வாங்குறேன். 53 பிளவுஸ் தைச்சாலும் அந்த 24,000 தேறாது.

முதல் ரெண்டு தடவை அவரே போட்டார், ஒழுங்காத்தான். இடுப்புல, முழங்கால் பின்மடிப்புல, கணுக்கால்ல. வலிக்கவே இல்ல. நம்ம 14 ஆம் நம்பர் மெஷின் ஊசி 0.9 மில்லி கனம், இது கால் மில்லிதான், முடி மாதிரி. கொஞ்சம் லேசான மாதிரிகூட இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

மூணாவது தடவையில இருந்து அவரைக் காணோம். பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பொண்ணு போட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல, பாவம், கை நடுங்குச்சு. ஆனா ஊசியை எங்க இருந்து எடுத்தா தெரியுமா? பாக்கெட் பிரிக்கிற சத்தமே வரல. பஞ்சு போட்ட ஒரு எவர்சில்வர் டப்பாவில இருந்து எடுத்தா. திரும்பிப் பாத்தேன், ஒண்ணோட முனை லேசா வளைஞ்சிருந்துச்சு. முனை போன ஊசியை நான் துணியிலகூடக் குத்த மாட்டேன். "புதுசா?"ன்னேன். "ஸ்டெரிலைஸ் பண்ணதுதான் ஆன்ட்டி"ன்னா. அப்பவே எழுந்து வந்திருக்கணும். கட்டின 24,000 என்னைப் படுக்க வெச்சுது.

நாலாவது தடவை இன்னும் மோசம். 14 ஊசி குத்தினதை எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன், அது தொழில் பழக்கம். எடுக்கும்போது 13 தான் எண்ணினேன். சரி, நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு எழுந்து சுடிதாரைச் சரி பண்றேன், இடுப்புல சுருக்னுச்சு. நானே கையை விட்டு உருவினேன். கஸ்டமர் பிளவுஸ்ல நான் ஒரு குண்டூசியை மறந்து விட்டிருந்தா என்ன பேச்சு வாங்கியிருப்பேன்! இங்க "ஐயோ ஸாரி ஆன்ட்டி"யோட முடிஞ்சுது.

அதுக்கப்புறம் கால் மரத்துப் போக ஆரம்பிச்சுது. போன்ல சொன்னா, "கழிவு இறங்குதும்மா, நல்ல அறிகுறி. மாத்திரை எதுவும் போட்டுடாதீங்க"ன்னார். அதையும் நம்பி அஞ்சாவது சிட்டிங் போனேன். மறுநாள் மோட்டார் பெடல்ல கால் வெச்சா, வெச்சதே தெரியல. மகள் பயந்துபோய் சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போனா. அந்த டாக்டர் நாடி பாக்கலை. கட்டை விரலைத் தூக்கச் சொன்னார், பாதத்துல தொட்டுத் தொட்டுத் தெரியுதான்னு கேட்டார், ஒண்ணுக்கு சரியாப் போகுதான்னு ரெண்டு தரம் கேட்டார். எம்ஆர்ஐயில முதுகெலும்போட அடியில, எல்-5, எஸ்-1ங்கிற எலும்புகளுக்கு நடுவுல டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு வந்துச்சு. இப்போ மாத்திரை, பிசியோதெரபி. ஆபரேஷன் உடனே தேவைப்படாதுன்னாங்க, அந்த மட்டுக்கும் தப்பிச்சேன்.

பாக்கி 7 சிட்டிங், 14,000 ஆவது திருப்பிக் கொடுங்கன்னு கேட்டேன். முதல்ல "சார் மலேசியா போயிருக்கார்". அடுத்த வாரம் "அக்கவுன்ட்ஸ்ல பேசிட்டுச் சொல்றோம்". அப்புறம் "உங்க வீட்டுக்காரர் பேருக்கு மாத்தித் தரோம், அவருக்கு சுகர் இருக்கா?". வாட்ஸ்அப்ல ரெண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. வீட்டுக்காரர் நேர்ல போனதுக்கு ஒரு கணக்கு காட்டியிருக்காங்க பாருங்க: டிஸ்கவுன்ட் இல்லாம 5 சிட்டிங் 15,000, கன்சல்டேஷன் 4,000, "எனர்ஜி சார்ட்" 5,000. கூட்டுங்க. சரியா 24,000! எனர்ஜி சார்ட்டை நான் கண்ணால பாத்ததில்ல.

அக்குபங்சரே பொய்னு சொல்ல வரல. உலக சுகாதார அமைப்பு 2023 இல் நாள்பட்ட இடுப்பு வலிக்குச் சொன்ன வழிகள்ல இதுவும் ஒண்ணாம், இங்கிலாந்துல 2016 இல் இடுப்பு வலிக்கு இது வேண்டாம்னு மருத்துவ வழிகாட்டுதல்ல சொல்லிட்டாங்களாம். மகள் படிச்சுச் சொன்னா. அந்த சென்டர் சுவத்துல, மத்திய அரசு 2019 இல் அக்குபங்சரைத் தனி சிகிச்சை முறையா அங்கீகரிச்சதுன்னு பெருசா ஒரு போர்டு. அது நிஜம்தான். முறையை அங்கீகரிச்சா இந்த ஜிப்பாவையும் அங்கீகரிச்சதா ஆயிடுமா? அரும்பாக்கத்துலயே அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க அஞ்சரை வருஷம் படிக்கிற படிப்புல இதுவும் ஒரு பாடம். வீட்டுல இருந்து ஆட்டோ தூரம். நான் மாடி ஏறிப் போய்க் கொட்டினேன் 24,000.

விவரமா எழுதுறேன்னேன், இதுக்கு மேல உட்கார முடியல. மொத்தமாப் பணம் கட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் கொடுங்க. ஊசிப் பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. என்ன படிச்சிருக்கீங்கன்னு கேளுங்க, முறைச்சா முறைக்கட்டும். கால் மரத்தாலோ ஒண்ணுக்குப் போறதுல தடங்கல் வந்தாலோ கழிவு கிழிவுன்னு நம்பாம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நுகர்வோர் உதவி எண் 1915 இல் மகள் புகார் பதிஞ்சுட்டா. நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாம், அதையும் பாக்கப் போறோம். என்கிட்ட இருக்கிறது அந்தத் துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான். யாராவது இதே மாதிரி பேக்கேஜ் பணத்தைத் திருப்பி வாங்கியிருந்தா எப்படின்னு சொல்லுங்க. காலையில 9 மணிக்கு பிசியோ, படுக்கப் போறேன்.