உட்துறைமுக வீதிப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை: மேட்ச் பார்க்க, கரம் அடிக்க

திருகோணமலையில் கிரிக்கெட் மேட்ச் பார்க்க நல்ல இடம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் நான் கைகாட்டுவது உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரரின் தேத்தண்ணிக் கடையைத்தான். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் நாலு கால் மேசை, மேசைமேல் கரம் போர்ட். அதுதான் அடையாளம்.

உப்புவெளியில் பெரிய திரை வைத்திருக்கும் ஒரு இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். திரை என்னவோ பெரிதுதான், ஆனால் வர்ணனையை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டார்கள், அரை மணிக்கு ஒரு தடவை வந்து வேறென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள், பத்து ஓவருக்கு மேல் இருக்க முடியவில்லை. நானா அப்படியில்லை. ஒரு இஞ்சிப் பிளேன்டீயோடு முழு இன்னிங்ஸும் உட்கார்ந்திருந்தாலும் முகம் சுளிக்கமாட்டார். கிளாஸ் காலியானதைக் கண்டால் "தம்பி, இன்னொன்று போடட்டா?" என்பார், வேண்டாம் என்றால் சரி, அவ்வளவுதான்.

டிவி சின்னது. ஆனால் கூரையில் பழைய அன்டெனா இருக்கிறது, படம் அதிலிருந்துதான் வருகிறது. போனில் பார்ப்பவர்களுக்கு இன்டர்நெட் வழியாக வரும் படம் எப்போதும் பிந்தித்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் கத்திய பிறகு நம் போனில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார். அந்த எரிச்சல் இங்கே இல்லை. போனில் ஸ்கோர் பார்த்து முந்திச் சொல்லக் கூடாது என்பது மட்டும் கடையின் சட்டம்.

2022 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியை இங்கேதான் பார்த்தேன். இலங்கைக்கு 58க்கு 5 விக்கெட் போனபோது பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். பானுக ராஜபக்ச ஆட்டமிழக்காமல் 71 அடித்து 170 வரை கொண்டுபோக, எழும்பியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றதும் நானா எல்லோருக்கும் பால் தேத்தண்ணி ஊற்றினார், காசு வாங்கவில்லை.

ஆனால் இந்தக் கடையை நான் உண்மையில் நேசிக்கத் தொடங்கியது அடுத்த வருடம் தோற்ற நாளில். 2023 செப்டெம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் இந்தியாவுடன் இறுதிப் போட்டி. முகமது சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கெட், 12 ஓட்டத்துக்கு 6 விக்கெட், கடைசியில் 50க்கு எல்லோரும் அவுட். வாங்கிய மீன் பணிஸைக் கடிக்கக்கூட மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. அப்புறம் சிராஜ் தனக்குக் கிடைத்த ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை மைதானப் பணியாளர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த மழைத் தொடர் முழுக்கத் தார்ப்பாய் இழுத்த மனிதர்கள் அவர்கள். அதுவரை பேச்சே இல்லாமல் இருந்த கடையில் முதலில் ஒரு வயதான ஐயா கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினோம்.

அதன்பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நானா பல்பை வேப்பமரக் கிளையில் கொழுவிவிட, கரம் தொடங்கியது. போர்ட் வழுவழுவென்று இருக்கும். நானா பௌடரைச் சிட்டிகையாகத்தான் தூவுவார், கூடிப்போனால் காய் நிற்காமல் ஓடும் என்று துணியால் துடைத்தும் விடுவார். என் கூட்டாளி ஒரு சிங்கள ஓட்டோக்காரர், எதிரே துறைமுகத்தில் வேலை செய்யும் இரண்டு தம்பிமார். சிவப்புக் காயை விழுத்திவிட்டு, அதைத் தக்கவைக்க உடனே விழுத்த வேண்டிய அடுத்த காயைத் தவறவிட்டேன், சிவப்பு திரும்பப் போர்டின் நடுவுக்கே வந்துவிட்டது. அந்த மூன்று புள்ளி போனது, மேட்ச் தோற்றதைவிட அதிக நேரம் பேசப்பட்டது. ஒழுங்கைக்குள் வந்த மான் ஒன்று வாழைப்பழத்தோலைத் தின்றுகொண்டு நின்றது. இரவு பத்து மணிக்குத்தான் எழும்பினேன், மனம் லேசாக இருந்தது.

குறைகளும் உண்டு. இடது மூலைக் குழியின் வலை கிழிந்து மாதக்கணக்காகிறது, காய் நேரே மண்ணில் விழுந்து ஓடும், தேடி எடுக்க வேண்டும். கதிரைகள் போதாது. பெண்கள் வருவது குறைவு. என் தங்கை ஒருநாள் வந்தபோது முன் கதிரையை உடனே ஒதுக்கிக் கொடுத்தார்கள், ஆனாலும் குடும்பத்தோடு உட்கார உள்ளே ஒரு மேசை போட்டால் நன்றாக இருக்கும் என்று நானாவிடமே சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் கரம் கிடையாது, போர்டு ஊறிப்போகும் என்று நவம்பரிலேயே கட்டி உள்ளே வைத்துவிடுவார்.

பிளேன்டீ 50 ரூபாய். பணிஸ் பின்னேரம் நாலு மணிக்குச் சூடாக வரும், ஐந்துக்குள் முடிந்துவிடும். பெரிய மேட்ச் என்றால் அரை மணி நேரம் முந்திப் போங்கள், சில்லறையும் கொண்டுபோங்கள்.